ஏட்டுச் சுரைக்காயா மனித உரிமைச் சட்டம்?

ஆண்டுதோறும் டிசம்பர் 10 ஆம் நாள் உலகெங்கும் மனித உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. மேடைகளில் உரைகள் முழங்குகின்றன. பள்ளிகளில் பேச்சுப் போட்டிகள் நடைபெறுகின்றன. நாளேடுகள் தலையங்கம் தீட்டுகின்றன. மறுநாள் பொழுது விடிந்ததும் உலகம் தன் பழைய வழியே செல்கிறது. வலியவன் எளியவனை வாட்டுகிறான். வாய் திறந்தவன் சிறைக்குள் தள்ளப்படுகிறான். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானங்களால் எந்த ஏழையின் கண்ணீர் துடைக்கப்பட்டது?" என்று சிந்திப்போர் கேட்பதில் வியப்பில்லை.

இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஒரு நாட்டிற்குள் சட்டத்தை மீறுகிறவனைப் பிடிக்கக் காவலர் உண்டு. விசாரிக்க நீதிமன்றம் உண்டு. அடைக்கச் சிறை உண்டு. ஆனால் நாட்டை ஆள்பவனே தன் மக்களை வதைப்பானாயின், அவனைப் பிடிக்க யார் வருவார்? காவலரும் அவன் ஆட்கள். நீதிபதியும் அவன் அமர்த்தியவர். சிறையின் திறவுகோலும் அவன் கையில். இந்த இடத்தில்தான் பன்னாட்டு மனித உரிமைச் சட்டம் தேவைப்படுகிறது. இந்த இடத்தில்தான் அது தடுமாறுகிறது என்பதும் உண்மை.

பொதுப்படப் பேசுவதினும், ஒரே ஒரு வழக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து பார்ப்பது நமக்குத் தெளிவைத் தரும். அது நடு ஆப்பிரிக்காவில், சாட் என்னும் ஏழை நாட்டில் தொடங்கிய வழக்கு.

சட்டம் பிறந்த வரலாறு

முதலில் சட்டத்தின் பிறப்பைச் சிறிது அறிந்து கொள்வோம். இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளைக் கண்டு நடுங்கிய நாடுகள், 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் கூடிய ஐ.நா. பொதுச்சபையில் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றின. 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. 8 நாடுகள் வாக்களியாது ஒதுங்கி நின்றன. அதன் முதல் விதியில் ஆண்களை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல்லை நீக்கி, 'மனிதர் அனைவரும்' என்று பொருள்படும் சொல்லை அமைக்கக் காரணமாயிருந்தவர் நம் நாட்டின் பிரதிநிதி ஹன்சா மேத்தா அம்மையார். 1963 ஆம் ஆண்டில் திருத்தந்தை 23 ஆம் அருளப்பர் 'அவனியில் அமைதி' என்னும் தம் சுற்றுமடலில், இப்பிரகடனத்தில் சில குறைகளைச் சிலர் சுட்டியிருப்பினும், உலக சமுதாயம் சட்ட ஒழுங்கை நோக்கி எடுத்து வைத்த முக்கிய அடி அது என்று மதித்துரைத்தார்.

பிரகடனம் என்பது வாக்குறுதி. அது சட்டமாகப் பிணிக்க வேண்டுமாயின் உடன்படிக்கைகள் தேவை. 1966 இல் இரண்டு பெரும் உடன்படிக்கைகள் உருவாகி, 1976 இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் பின் 1984 டிசம்பர் 10 அன்று சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை ஏற்கப்பட்டு, 1987 ஜூன் 26 முதல் செயல்படலாயிற்று. இதன் விதிகளுள் இரண்டை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது: போர் என்றோ, நெருக்கடி நிலை என்றோ, மேலதிகாரியின் கட்டளை என்றோ சாக்குச் சொல்லிச் சித்திரவதையை நியாயப்படுத்த இயலாது. இரண்டாவது: சித்திரவதைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் உறுப்பு நாடு ஒன்றில் தங்கியிருப்பானாயின், அந்நாடு அவனைத் தானே வழக்கிற்கு உட்படுத்த வேண்டும், அன்றேல் விசாரிக்க விரும்பும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். குற்றம் எங்கு நடந்தது, குற்றவாளி எந்நாட்டவன் என்பன தடையாகா. இந்த இரண்டாவது விதியே நாம் காணப்போகும் வழக்கிற்கு அச்சாணி. மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகல் 1986 இலேயே இவ்வுடன்படிக்கையை ஏற்றுக் கொண்டது என்பதையும் மனத்தில் வைப்போம்.

சிறையாக மாறிய நீச்சல் குளம்

சாட் 1960 இல் பிரான்சின் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற நாடு. உள்நாட்டுப் போர்களால் சிதைந்து கிடந்த அந்நாட்டின் ஆட்சியை 1982 ஜூன் மாதம் ஹிசேன் ஹாப்ரே என்பவர் படைபலத்தால் கைப்பற்றினார். வடக்கே லிபியாவின் கடாஃபியை அடக்கி வைக்க இவர் பயன்படுவார் என்று எண்ணி அமெரிக்காவும் பிரான்சும் இவருக்குப் பணமும் ஆயுதமும் வழங்கின. 1987 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் இவரை வெள்ளை மாளிகையில் வரவேற்றார்.

அதே வேளையில் சாட்டின் தலைநகரான என்ஜமேனாவில் நடந்தது வேறு. ஹாப்ரேயின் நேரடிப் பொறுப்பில் ஓர் அரசியல் காவற்படை இயங்கியது. ஐயத்திற்குரியோர் எனக் கருதப்பட்டவர்களை அது இரவோடிரவாகப் பிடித்துச் சென்றது. சில இனக்குழுக்களைச் சேர்ந்தோர் கூட்டங்கூட்டமாக வேட்டையாடப்பட்டனர். முன்னாளில் பிரெஞ்சுப் படைவீரர்தம் குடும்பத்தார் நீராடிய நீச்சல் குளம் ஒன்றைக் கான்கிரீட் தளமிட்டு மூடி, உள்ளே அறைகளாகத் தடுத்து நிலவறைச் சிறையாக்கினார்கள். குழந்தைகள் நீந்தி மகிழ்ந்த இடத்தில், சுட்டெரிக்கும் வெப்பத்தில், மனிதர்கள் நெருக்கியடித்துக் கிடந்து மாண்டனர். பெண்கள் பலர் வடக்கே பாலைவனப் படைமுகாமிற்கு அனுப்பப்பட்டுப் படைவீரர்க்கு அடிமைகளாக்கப்பட்டனர். நோயுற்ற போர்க்கைதிகளை மருத்துவமனைக்கு அனுப்புமாறு செஞ்சிலுவைச் சங்கம் விடுத்த வேண்டுகோளின் மீது, இனி எந்தக் கைதியும் இறந்தாலன்றி வெளியே செல்லலாகாது என்னும் பொருள்பட எழுதப்பட்ட குறிப்பு ஒன்று பின்னாளில் கிடைத்தது. அக்கையெழுத்து ஹாப்ரேயினுடையதே என்று வல்லுநர் சான்று பகர்ந்தார்.

1990 டிசம்பர் 1 அன்று ஹாப்ரேயின் ஆட்சி கவிழ்ந்தது. அவர் செனகல் நாட்டிற்குத் தப்பியோடி, தலைநகர் டக்காரில் செல்வச் செழிப்போடு குடியேறினார். சாட் நாட்டின் விசாரணைக் குழு 1992 இல் வெளியிட்ட அறிக்கை, இவருடைய எட்டாண்டு ஆட்சியில் ஏறத்தாழ 40,000 பேர் உயிரிழந்திருக்கலாம் என மதிப்பிட்டது.

ஒரு கணக்கரின் நேர்ச்சை

ஹாப்ரே வீழ்ந்த நாளில் சிறைக் கதவுகள் திறந்தன. வெளியே வந்தவர்களுள் ஒருவர் சுலைமான் கெங்கெங். சாட் ஏரிப் படுகை ஆணையத்தில் கணக்கராகப் பணியாற்றியவர், இறைப்பற்று மிக்கவர். 1988 இல் பிடித்துச் செல்லப்பட்டு, இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் நோயோடும் பசியோடும் போராடினார். தம்மருகே படுத்திருந்தோர் ஒருவர்பின் ஒருவராக இறப்பதைக் கண்ட அவர், "இறைவா, நான் உயிரோடு வெளியேறினால் இவர்களுக்கு நீதி கிடைக்கப் பாடுபடுவேன்" என்னும் பொருள்பட அங்கேயே நேர்ச்சை செய்து கொண்டார்.

துன்பத்தில் செய்த நேர்ச்சையை இன்பம் வந்ததும் மறப்பது மனித இயல்பு. கெங்கெங் மறக்கவில்லை. தம்மைப்போல் வதைபட்டோரையும், கணவனை இழந்த கைம்பெண்களையும், தந்தையை இழந்த பிள்ளைகளையும் தேடிச் சென்றார். அஞ்சி நடுங்கியவர்களுக்குத் துணிவூட்டினார். கணக்கருக்கே உரிய ஒழுங்கோடு 792 பேருடைய வாக்குமூலங்களை எழுத்தில் பதிவு செய்தார். ஆனால் புதிய ஆட்சியிலும் பழைய காவற்படையினர் பலர் பெரும் பதவிகளில் அமர்ந்திருந்தனர். மிரட்டல்கள் வந்தன. கெங்கெங் அத்தாள்களைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்திருந்தார். ஆண்டுகள் உருண்டன.

1998 அக்டோபரில் எதிர்பாராத ஒரு செய்தி உலகை வியக்க வைத்தது. சிலி நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே, மருத்துவத்திற்காகச் சென்றிருந்த இலண்டன் மாநகரில், ஸ்பானிய நீதிபதி ஒருவரின் ஆணைப்படி கைது செய்யப்பட்டார். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையைக் காட்டி, முன்னாள் நாட்டுத் தலைவர் என்னும் பாதுகாப்பு அவருக்கு இல்லை என ஆங்கிலேயப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பின்னர் உடல்நலக் குறைவைக் காரணங்காட்டி அவர் தாயகம் திரும்ப விடப்பட்டார் என்பது வேறு. ஆயினும் அந்தக் கைது, உலகின் பல மூலைகளில் நம்பிக்கையிழந்து கிடந்தோரை எழுப்பியது. "பினோசேயைப் பிடிக்கலாமெனில் ஹாப்ரேயை ஏன் பிடிக்கலாகாது?" என்று சாட் மக்களும் கேட்டனர். மறைத்து வைத்திருந்த வாக்குமூலங்கள் வெளியே வந்தன.

கதவுக்குக் கதவு

2000 ஜனவரியில் டக்கார் நீதிமன்றத்தில் முறையீடு தாக்கலாயிற்று. அடுத்த மாதமே விசாரணை நீதிபதி ஹாப்ரே மீது குற்றம் சாட்டி, அவரை வீட்டுக் காவலில் வைத்தார். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வழக்கை ஏற்ற நீதிபதி இடமாற்றம் செய்யப்பட்டார். வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்கச் செனகல் சட்டத்தில் இடமில்லை என்று கூறி, 2001 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நீதிபீடம் வழக்கைத் தள்ளிவிட்டது. உடன்படிக்கையில் கையொப்பமிட்டுப் பதினைந்தாண்டு ஆகியும், அதற்கேற்ப உள்நாட்டுச் சட்டம் இயற்றாததே தப்பிக்கும் வழியாயிற்று! வாசகர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். பன்னாட்டுச் சட்டத்தின் மிகப் பெரும் நோய் இதுவே. வெளியுலக மேடையில் ஒப்பமிடுவது எளிது. வீட்டிற்குள் அதனை நிறைவேற்றுவது அரிது.

பாதிக்கப்பட்டோர் சோர்ந்து அமரவில்லை. பெல்ஜியம் நாட்டின் சட்டம் இத்தகைய வழக்குகளுக்கு இடமளித்ததால் அங்குச் சென்று முறையிட்டனர். சாட்டில் அவர்களுக்காக வாதாடிய ஜாக்லின் முதெய்னா என்னும் பெண் வழக்கறிஞர், 2001 ஜூனில் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது காவலர் எறிந்த கையெறிகுண்டால் படுகாயமுற்றார். குண்டின் சிதறல்களை உடலில் சுமந்தவாறே பணியைத் தொடர்ந்தார். கெங்கெங் தம் வேலையை இழந்தார். பின்னர் நாட்டையே விட்டு அமெரிக்காவில் அடைக்கலம் புக நேர்ந்தது. அதே 2001 இல், கைவிடப்பட்டுக் கிடந்த அரசியல் காவற்படையின் அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகள் தூசி படிந்து குவிந்திருக்கக் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் கொல்லப்பட்டோ காவலில் மாண்டோ போன 1,208 பேருடைய விவரமும், கொடுமைக்குள்ளான 12,321 பேரைப் பற்றிய குறிப்பும் இருந்தன. கொடியோர் தாம் எழுதி வைத்த ஏட்டாலேயே காட்டிக் கொடுக்கப்பட்டனர்.

2005 இல் பெல்ஜியம் நீதிபதி ஹாப்ரேயைக் கைது செய்ய ஆணையிட்டார். செனகல் ஒப்படைக்கவில்லை. 2006 மே மாதம் ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்புக் குழு, செனகல் உடன்படிக்கையை மீறிவிட்டது என முடிவு கூறியது. அவ்வாண்டு ஜூலையில் ஆப்பிரிக்க ஒன்றியம், ஆப்பிரிக்காவின் பெயரால் ஹாப்ரேயை விசாரிக்குமாறு செனகலைப் பணித்தது. பணம் இல்லை, சட்டம் போதவில்லை என்று மேலும் ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் பெல்ஜியம் தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தில் செனகல் மீதே வழக்குத் தொடுத்தது. 2012 ஜூலை 20 அன்று அந்நீதிமன்றம், ஹாப்ரேயை ஒப்படைக்காவிடில் இனியும் தாமதியாமல் வழக்கிற்கு உட்படுத்த வேண்டும் என்று தீர்ப்புரைத்தது. அவ்வாண்டே செனகலில் ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசு ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு ஒப்பந்தம் செய்து, செனகல் நீதிமன்ற அமைப்புக்குள்ளேயே ஒரு சிறப்பு ஆப்பிரிக்க நீதிமன்றத்தை நிறுவியது. 2013 ஜூன் 30 அன்று ஹாப்ரே கைது செய்யப்பட்டார்.

தீர்ப்பு நாள்

2015 ஜூலையில் விசாரணை தொடங்கிற்று. நீதிமன்றத்தை ஏற்க மறுத்துக் கூச்சலிட்ட ஹாப்ரே, காவலரால் வலுவில் தூக்கிவரப்பட்டு அமர்த்தப்பட்டார். வெண்ணிறத் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக, மாதக்கணக்கில் வாய் திறவாது வீற்றிருந்தார். அவருக்கு எதிரே தொண்ணூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக நின்று பேசினர். ஒரு காலத்தில் அவர் பெயரைக் கேட்டாலே நடுங்கிய கைம்பெண்களும் முதியோரும் அவர் முகத்தை நேர் நோக்கி, நடந்தவற்றை எடுத்துரைத்தனர். கெங்கெங்கும் அங்கு நின்று சாட்சி பகர்ந்தார்.

2016 மே 30 அன்று, மானிட குலத்திற்கு எதிரான குற்றங்கள், போர்க் குற்றங்கள், சித்திரவதை ஆகியவற்றிற்காக ஹாப்ரேக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு நாட்டின் நீதிமன்றம் மற்றொரு நாட்டின் முன்னாள் ஆட்சியாளரை மனித உரிமைக் குற்றங்களுக்காகத் தண்டித்தது உலக வரலாற்றில் இதுவே முதன்முறை. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் தண்டனை உறுதியாயிற்று. அவர்மேல் தனிப்படச் சுமத்தப்பட்ட ஒரு குற்றம் மட்டும், தொடக்கக் குற்றப்பத்திரிகையில் இடம்பெறவில்லை என்னும் காரணத்தால் நீக்கப்பட்டது. கொடுங்கோலனுக்கும் முறையான நீதி உண்டு என்பதற்கு இஃதொரு சான்று. 2021 ஆகஸ்டு மாதம், தண்டனை அனுபவித்து வருகையில் ஹாப்ரே கொரோனா நோயால் இறந்தார்.

குறைகளை மறைக்கலாமா?

இத்தோடு நிறுத்திவிட்டால் நாம் வாசகர்களுக்கு இனிப்பு மட்டும் ஊட்டியவராவோம். இவ்வழக்கிலேயே பன்னாட்டுச் சட்டத்தின் குறைகளும் வெளிப்படுகின்றன.

முதற்குறை, தாமதம். முறையீடு செய்த நாளிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை பதினேழு ஆண்டுகள். நீதியைக் காணாமலே கண்மூடியோர் பலர்.

இரண்டாவது, இழப்பீடு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 7,396 பேருக்கு 8,200 கோடி ஆப்பிரிக்கப் பிராங்கு வழங்க ஆணையிட்டது. அதற்கு முன் 2015 இல் சாட் நாட்டு நீதிமன்றமும், அந்நாட்டு அரசும் தண்டிக்கப்பட்ட காவலரும் சேர்ந்து 7,500 கோடி வழங்க வேண்டும் எனக் கூறியிருந்தது. ஆண்டுகள் பல கடந்தபின் 2024 இல்தான் சாட் அரசு 1,000 கோடியை வழங்க முன்வந்தது. விதித்த தொகையில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தீர்ப்பு எழுதும் கைக்குப் பணப்பெட்டியின் திறவுகோல் இல்லை.

மூன்றாவது, வலியோர் தப்புவது. ஹாப்ரேக்கு ஆயுதம் கொடுத்த பெரிய நாடுகளை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. 2002 முதல் இயங்கும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் நம் இந்தியாவும் உறுப்பினராகவில்லை. 'ஏழை நாடுகளின் தலைவர்கள் மட்டும்தான் விசாரிக்கப்பட வேண்டியவர்களா?' என்று ஆப்பிரிக்கர் கேட்பது நியாயமே. எனினும் அதற்கு அவர்களே தந்த விடையையும் மதிக்க வேண்டும். ஆப்பிரிக்க மண்ணில், ஆப்பிரிக்க நீதிபதிகள் முன்னிலையில், ஆப்பிரிக்க மக்களே தங்கள் வழக்கை நடத்திக் காட்டினர். மேல்நாட்டாரின் பாரபட்சத்திற்கு மருந்து, நீதியை விட்டொழிப்பதன்று. நீதியைத் தாமே ஏற்று நடத்துவது.

நம் வாசலில்

'சாட் எங்கே, நாம் எங்கே?' என்று எண்ணிவிட வேண்டா. சித்திரவதைக்கு எதிரான அதே உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையொப்பமிட்டது. ஆயினும் இன்னும் அதனை ஏற்று உறுதி செய்யவில்லை. 2010 இல் மக்களவை ஒரு சித்திரவதைத் தடுப்பு மசோதாவை நிறைவேற்றியது; மாநிலங்களவைக்குச் சென்ற அது சட்டமாகாமலே காலாவதியாயிற்று. 2017 இல் சட்ட ஆணையம் தன் 273 ஆம் அறிக்கையில், உடன்படிக்கையை உறுதி செய்யுமாறு பரிந்துரைத்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட வணிகரான தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்த துயரத்தைத் தமிழகம் மறந்திராது. இச்சட்டம் நமக்கும் வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில், பன்னாட்டு உடன்படிக்கையையும் எடுத்துக்காட்டி, கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை வகுத்தது. கைது செய்யும் காவலர் தம் பெயர் தெரியும் அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதான நேரமும் நாளும் குறிக்கப்பட்ட குறிப்பில், குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புடைய ஒருவரோ சாட்சியாக ஒப்பமிட வேண்டும். உறவினர்க்கு உடனே தகவல் தரப்பட வேண்டும். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இவை ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவை. சமையலறைச் சுவரில் மருத்துவமனைத் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பது போல, இவற்றையும் எழுதி வைப்பதில் தவறில்லை. அண்டை வீட்டாரைக் காவலர் அழைத்துச் செல்லுங்கால், கதவைச் சாத்திக் கொள்ளாமல், சாட்சியாக ஒப்பமிட முன்வரும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பாராயின், எத்தனையோ கொடுமைகள் தடைபடும்.

அன்பார்ந்த வாசகர்களே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஏட்டிலுள்ள சுரைக்காய் தானாகக் கறியாவதில்லை. செனகல் ஒப்பமிட்ட உடன்படிக்கையும் பதினான்கு ஆண்டுகள் வெறும் தாளாகவே கிடந்தது. ஆனால் அந்தத் தாள் இல்லாதிருந்தால், கெங்கெங்கும் அவர்தம் தோழரும் எந்தக் கதவைத் தட்டியிருப்பர்? அவர்கள் இல்லாதிருந்தால், அந்தத் தாள் யாருக்குப் பயன்பட்டிருக்கும்? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றனர் நம் முன்னோர். அம்மியை நகர்த்தியவர்கள் சாட்டின் கைம்பெண்களும், கணக்கர் ஒருவரும், குண்டடிபட்ட வழக்கறிஞர் ஒருவருமே. சட்டத்தை எழுதுவது அரசுகளின் வேலை. அதனைத் தூங்கவிடாமல் எழுப்பிக் கொண்டேயிருப்பது மக்களின் வேலை. அவ்வேலையில் நம் குடும்பங்களுக்கும் பங்குண்டு.